பிராதும் பரபரப்பும்: புண்படுதலின் பண்பாடும் ஊடகமும்

ஒரு சொல்லோ படமோ செயலோ ஒரு சமூகத்தைப் புண்படுத்திவிட்டதாகச் செய்தி வரும்போது, எழும் விவாதம் பெரும்பாலும் இரண்டு கேள்விகளுக்குள் அடங்கிவிடுகிறது: சொல்லப்பட்டது சரியா தவறா என்பது ஒன்று, சொன்னவருக்கு அதைச் சொல்லும் உரிமை உண்டா இல்லையா என்பது மற்றொன்று. மூன்றாவதாக ஒரு கேள்வி அநேகமாகக் கேட்கப்படுவதே இல்லை. அந்தச் சொல் சொல்லப்பட்ட இடத்தில் இல்லாதவர்களிடமும் அதைத் தேடிப் போகாதவர்களிடமும் அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் யார், எந்த வடிவில் சேர்த்தார், அதனால் அவருக்குக் கிடைத்தது என்ன என்பதே அது. தமிழகத்தில் கடந்த எழுபது ஆண்டுகளில் நடந்த சில வழக்குகளை இந்தக் கேள்வியோடு மறுபடி படித்தால், கோபத்தின் அளவைத் தீர்மானித்ததில் சொல்லின் கடுமைக்கு இருந்த பங்கைவிட அதைச் சுமந்து சென்றவரின் தேவைக்கு இருந்த பங்கு பெரிது என்பது தெரியவரும். இதை ஆராய விருத்தாசலம் பொருத்தமான ஊர். மனக்குறையைப் பதிவு செய்வதற்கென்றே ஒரு வழக்கத்தை வைத்திருக்கும் கோயில் இதன் பக்கத்தில் உள்ளது. களிமண் கூழை அச்சில் ஊற்றிப் பிள்ளையாராக எடுக்கும் செராமிக் தொழிற்பேட்டை இங்கே உள்ளது. மானத்தின் பெயரால் நடந்த மிகக் கொடிய கொலைகளுள் ஒன்றும் இதன் சுற்றுப்புறக் கிராமத்தில்தான் நடந்தது.

விருத்தாசலத்தை அடுத்த மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் கோயிலில் முருகன் மனித உருவில் இல்லை. பலிபீட வடிவிலான ஒரு கல்லே மூலவர். இக்கோயிலின் தனி வழக்கம் ‘பிராது கட்டுதல்’ எனப்படும். நகை களவு போனவர், கொடுத்த கடன் திரும்பாதவர், பங்காளியால் ஏமாற்றப்பட்டவர், வீண்பழிக்கு ஆளானவர் என யாராயினும், தம் பெயரையும் ஊரையும் குறையையும் ஒரு தாளில் மனுவாக எழுதி, அதற்குரிய கட்டணத்தைக் கோயிலில் செலுத்தி, பூசைக்குப் பின் முனியப்பர் சன்னிதியில் கட்டிவிட்டுப் போகிறார். மூன்று மாதத்துக்குள் தீர்ப்புக் கிடைத்துவிடும் என்பது நம்பிக்கை. குறை தீர்ந்தபின் பிராதைத் திரும்பப் பெறுவதும் வழக்கத்தில் அடக்கம். அந்த நம்பிக்கை மெய்யா என்பது இங்கே பேச வந்த பொருளன்று. ஒரு சமூகம் மனத்தாங்கலுக்கு அமைத்துக்கொண்ட வடிவம் என்ற அளவில் இதைப் பார்த்தால் போதும். பிராது கட்டுபவர் தம் பெயரைச் சொல்லியாக வேண்டும், எந்தக் குறை என்று எழுதியாக வேண்டும், அந்த மனுவை ஊரார் படித்துக் கொதிப்பதற்காக எழுதுவதில்லை, அதற்கு ஒரு கெடு உண்டு, முடித்துவைக்க ஒரு சடங்கும் உண்டு. பெயரில்லாதவர் பெயரில்லாதவருக்காகக் கெடுவே இல்லாமல் கொதிக்கும் இன்றைய பரபரப்போடு ஒப்பிட்டால், மணவாளநல்லூர் நடைமுறை அலுவலக ஒழுங்குடையதாகத் தோன்றும்.

புண்படுதல் பண்பாட்டுக்குப் பண்பாடு வேறுபடுவதைச் சமூக உளவியலார் மூன்று வகையாகப் பிரித்துப் பேசுவர். ஒருவரின் மதிப்பு பிறர் கண்ணில் இருக்கிறது, அதைப் பறிப்பவரைத் தாமே எதிர்த்து மீட்க வேண்டும் என்று கருதும் சமூகம் மானப் பண்பாடு எனப்படும். ஒவ்வொருவரின் மதிப்பும் பிறப்பிலேயே உள்ளது, பிறர் ஏசுவதால் அது குறைந்துவிடாது, பெரிய தீங்கானால் சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று கருதுவது கண்ணியப் பண்பாடு. ஒவ்வொருவருக்கும் அவரவர் நிலைக்குரிய மதிப்பு உண்டு, அதை வெளிப்படையாகக் குலைக்காமல் நடந்துகொள்வது எல்லோருடைய கடமை என்று கருதுவது முகப் பண்பாடு. கிழக்காசிய நாடுகளை இதற்குச் சான்று காட்டுவர். முதலிரண்டின் வேறுபாட்டை அமெரிக்காவுக்குள்ளேயே டவ் கோஹனும் ரிச்சர்ட் நிஸ்பெட்டும் சோதித்து 1996இல் நூலாக வெளியிட்டனர். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஒரு குறுகிய நடைபாதையில் நடந்துசெல்லும் மாணவரை, ஆய்வாளர் ஏற்பாடு செய்த ஓர் ஆள் தோளால் இடித்து, ஒரு கெட்ட வார்த்தையையும் சொல்லிவிட்டுப் போவார். வட மாநில மாணவர் பெரும்பாலும் சிரித்துவிட்டுக் கடந்தனர். தென் மாநில மாணவரின் உமிழ்நீரில் மன அழுத்தத்தைக் காட்டும் கார்ட்டிசோல் சுரப்பு உயர்ந்தது. மந்தை மேய்த்துப் பிழைத்த, காவல் எட்டாத நிலத்தில் ‘இவனைச் சீண்டினால் விடமாட்டான்’ என்ற பெயரே உடைமைக்குக் காவலாக இருந்தது என்றும், பிழைப்பு மாறிய பின்னும் அந்தப் பழக்கம் மாறவில்லை என்றும் அவர்கள் விளக்கினர்.

இந்தப் பிரிவினை வகுப்பறைக்கு வசதியானது. ஊருக்குள் கொண்டுவந்தால் கலைந்துவிடுகிறது. தமிழ்ச் சமூகத்தில் செருப்பு படுவதைவிடப் பெரிய அவமானம் வேறில்லை என்பர். ஆனால் 1944இல் கடலூரில் பெரியார் ரிக்‌ஷாவில் சென்றபோது இருட்டில் ஒரு செருப்பு வந்து விழ, ஒற்றைச் செருப்பு எறிந்தவருக்கும் பயன்படாது தமக்கும் பயன்படாது என்று வண்டியைத் திருப்பச் சொல்லி, மற்றதும் வந்து விழுந்தபின் இரண்டையும் எடுத்துக்கொண்டு போனார் என்பது திராவிடர் கழகத்தார் பதிந்து வைத்துள்ள நிகழ்ச்சி. செருப்பு விழுந்த இடத்திலேயே பின்னர் அவருக்குச் சிலை வைக்கப்பட்டது. எறிந்தவரும் எறியப்பட்டவரும் ஒரே மொழி, ஒரே மண். ஒருவர் மானப் பண்பாட்டின் மிகப் பழைய ஆயுதத்தை எடுத்தார், மற்றவர் அதை அவமானமாக ஏற்க மறுத்து அந்த ஆயுதத்தைச் செயலிழக்கச் செய்தார். ஆகவே தமிழர் இப்படித்தான் புண்படுவர், ஐரோப்பியர் இப்படித்தான் புண்படுவர் என்று பட்டியல் போடுவதில் பயன் குறைவு. ஒரே சமூகத்துக்குள் புண்படவும் புண்படாமல் இருக்கவும் வழிகள் எப்போதும் கைவசம் உள்ளன. எந்த நேரத்தில் எது எடுக்கப்படுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

அதே பெரியார் 1953 மே 27 அன்று, புத்தர் பிறந்த நாளில், திருச்சி டவுன்ஹால் மைதானத்தில் களிமண் பிள்ளையார் உருவம் ஒன்றைப் பொதுமக்கள் முன் உடைத்தார். முன்கூட்டியே அறிவித்துச் செய்த செயல் அது. சைவ அன்பர் ஒருவர் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 295ஆம் பிரிவின் கீழ் வழக்குத் தொடுத்தார். ஒரு வகுப்பாரின் மதத்தை இழிவுபடுத்தும் நோக்கத்தோடு, அவர்கள் வழிபடும் இடத்தையோ புனிதமாகக் கருதும் பொருளையோ அழிப்பதும் கெடுப்பதும் குற்றம் என்பது அப்பிரிவு. இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 298ஆம் பிரிவு. கடையில் வாங்கிய, பிரதிட்டை செய்யப்படாத களிமண் உருவம் புனிதப் பொருளாகுமா என்ற கேள்வியில் கீழ் நீதிமன்றங்களும் சென்னை உயர் நீதிமன்றமும் ஆகாது என்றன. 1958 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அந்த விளக்கம் மிகக் குறுகியது என்றது: கோயிலில் நிறுவப்படாத பொருளையும் ஒரு வகுப்பார் புனிதமாகக் கருதலாம், அந்த நம்பிக்கை அறிவுக்கு ஒத்ததா என்று பார்ப்பது நீதிமன்றத்தின் வேலையன்று. ஆனால் ஐந்தாண்டு கடந்துவிட்டதால் வழக்கைப் புதுப்பிக்கத் தேவையில்லை என்று கூறி மேல்முறையீட்டைத் தள்ளிவிட்டது.

விருத்தாசலத்தின் செராமிக் பட்டறைகளை அறிந்தவர்களுக்கு இந்த வழக்கின் சிக்கல் உடனே விளங்கும். மின்சார ஃபியூஸ் கட்டைகளும் அகல் விளக்குகளும் கொலு பொம்மைகளும் இங்கே ஒரே கூரையின் கீழ் உருவாகின்றன. களிமண்ணோடு குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் தூள்களைச் சேர்த்துத் தண்ணீர் விட்டு நெடுநேரம் அரைத்தால் ‘ஸ்லிப்’ எனப்படும் மோர்ப் பதக் கூழ் கிடைக்கும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சுக்குள் அதை ஊற்றினால், அச்சு நீரை உறிஞ்ச உறிஞ்ச உட்சுவரையொட்டி மண் படிந்து தடிக்கும். போதிய கனம் வந்ததும் மிச்சக் கூழைக் கவிழ்த்து வடித்துவிட்டு அச்சைப் பிரித்தால், உள்ளே வெற்றிடமுள்ள பிள்ளையார் நிற்பார். இரண்டு அச்சுகள் சேர்ந்த இடத்தில் தலை முதல் வயிறு வரை ஓடும் கோட்டைக் கத்தியால் சீவி, ஈரப் பஞ்சால் துடைத்துப் பலகையில் காயவைப்பர். காயும்போது தும்பிக்கையில் விரிசல் கண்டவை உடைபட்டு மறுபடி கூழ்த் தொட்டிக்கே போகும். சூளையில் வெடித்தவை கழிவுக் குவியலுக்குப் போகும். இதனால் யாரும் புண்படுவதில்லை, புண்படவும் கூடாது. அதே உருவம் கொலுப்படியில் ஏறிய பின் கைதவறி உடைந்தால் வீட்டில் ஒரு சங்கடம். பகைவர் உடைத்தால் கலவரம். மண்ணும் அச்சும் ஒன்றுதான். உடைத்தவர் யார், எந்த நோக்கத்தோடு, யார் பார்க்க உடைத்தார் என்பவற்றைச் சேர்த்துப் பார்த்தால்தான் புண்படுதல் என்ற பொருள் கிடைக்கிறது. 1953இல் உடைத்தவரும் பார்த்தவரும் ஒரே மைதானத்தில் நின்றார்கள். செயலின் நோக்கம் ஒளிவு மறைவின்றி அறிவிக்கப்பட்டிருந்தது. வழக்குத் தொடுத்தவருக்கு எதன்மீது தம் கோபம் என்பதில் ஐயம் இல்லை. பின்வந்த வழக்குகளில் இந்தத் தெளிவு படிப்படியாகக் குறைந்துகொண்டே வந்தது.

2005 செப்டம்பரில் ‘இந்தியா டுடே’ இதழ் பெருநகரங்களின் பாலியல் பழக்கங்கள் குறித்து நடத்திய ஒரு கருத்துக்கணிப்பை வெளியிட்டபோது, அதனுடன் பலரின் கருத்துகளைச் சேர்த்திருந்தது. நடிகை குஷ்புவின் கருத்தும் அவற்றுள் ஒன்று. திருமணத்துக்கு முன் உறவு கொள்ளும் பெண்கள் பாதுகாப்புடன் இருக்க வேண்டும் என்றும், மணமகள் கன்னியாக இருக்க வேண்டும் என்று படித்த ஆண்கள் எதிர்பார்க்கக் கூடாது என்றும் அவர் கூறியிருந்தார். பத்திரிகை விற்பனைக்கு வந்தது, படித்தவர்கள் படித்தார்கள். இதற்குப் பிறகு நடந்ததைத்தான் உச்ச நீதிமன்றம் பின்னாளில் தேதிவாரியாகப் பிரித்து வைத்தது. செப்டம்பர் 24ஆம் தேதி ‘தினத்தந்தி’யில், அந்தக் கருத்து மாநிலம் முழுவதும் பரபரப்பை உண்டாக்கியிருப்பதாக ஒரு செய்தி வந்தது, திருமணத்துக்கு முன் அனுபவம் இல்லாதவர் தமிழ்நாட்டில் உண்டா என்ற பொருளில் நிருபரிடம் அவர் திருப்பிக் கேட்டதாகவும் அதில் இருந்தது. அப்படித் தாம் சொல்லவே இல்லை என்று மறுத்து, தம் மறுப்பை வெளியிடுமாறு அக்டோபர் 2ஆம் தேதி அவர் வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்பினார். ஆனால் தெருவுக்கு வந்த கோபம், இதழில் வந்த கருத்தின்மீது எழுந்ததா, மறுக்கப்பட்ட அந்தக் கேள்வியின்மீது எழுந்ததா என்று யாராலும் பிரிக்க முடியாத நிலை அதற்குள் வந்துவிட்டது. துடைப்பமும் செருப்பும் ஏந்திய ஊர்வலங்கள் நடந்தன. நவம்பரில் மேட்டூர் நீதிமன்றத்துக்கு அவர் வந்தபோது முட்டையும் தக்காளியும் வீசப்பட்டன. அவருக்கு ஆதரவாகப் பேசிய நடிகை சுஹாசினியும் தாக்குதலுக்கு ஆளானார்.

பரபரப்பு உண்டாகியிருக்கிறது என்று செய்தி எழுதுவதில் உள்ள நுட்பம் சற்றே நின்று பார்க்கத் தக்கது. மழை பெய்தது என்று எழுதினால் மழை பெய்யாது. பரபரப்பு என்று எழுதினால் பரபரப்பு உண்டாகும். ‘எதிர்வினைச் செய்தி’ என்று இதழியலில் குறிப்பிடத்தக்க இந்த வகைக்குச் செலவு மிகக் குறைவு: ஒரு கருத்தை எடுத்துக்கொண்டு, அதை விரும்பமாட்டார் என்று உறுதியாகத் தெரிந்த ஒருவருக்குத் தொலைபேசியில் படித்துக் காட்டி, அவர் சொல்வதைக் கண்டனம் என்று போட்டுவிட்டு, அந்தக் கண்டனத்தை முதலில் பேசியவருக்குப் படித்துக் காட்டி அவர் பதிலையும் மறுநாள் போடலாம். ஊருக்குப் போகத் தேவையில்லை, ஆவணம் தேடத் தேவையில்லை. கட்சிகளுக்கும் இது வசதி. பெண்ணின் கற்பு, இனத்தின் மானம் ஆகிய பொருள்களில் முதலில் கொதிப்பவருக்குச் செய்தியில் முதலிடம் கிடைக்கிறது, இரண்டாவதாகக் கொதிப்பவர் அவரைவிட ஒரு படி கூடுதலாகக் கொதித்தாக வேண்டியிருக்கிறது.

குஷ்புவின்மீது 23 தனிநபர்ப் புகார்கள் வெவ்வேறு நீதிமன்றங்களில் தொடுக்கப்பட்டன. அவற்றை ரத்துசெய்ய 2008 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் மறுத்துவிட, அவர் உச்ச நீதிமன்றம் சென்றார். 2010 ஏப்ரல் 28 அன்று தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையிலான மூவர் அமர்வு எல்லாப் புகார்களையும் ரத்துசெய்தது. அத்தீர்ப்பின் உயிர்நாடி ‘பாதிக்கப்பட்ட நபர்’ என்ற சட்டக் கருத்து. அவதூறு வழக்கை யார் வேண்டுமானாலும் தொடுத்துவிட முடியாது, அவதூறால் பாதிக்கப்பட்டவரே தொடுக்க வேண்டும் என்பது அப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 199ஆம் பிரிவு. தமிழ்ப் பெண்கள் அனைவரையும் இழிவுபடுத்தினார் என்றால், வரையறுத்துச் சுட்டத்தக்க ஒரு குழு அங்கே இல்லை. புகார்தாரர்களுள் எவருக்கும் தனிப்பட்ட தீங்கு நேர்ந்ததாகக் காட்டப்படவும் இல்லை என்று நீதிமன்றம் கண்டது. புகார்தாரர்களுள் பெரும்பாலோர் பாட்டாளி மக்கள் கட்சியோடு தொடர்புடையவர்கள் என்பதையும் அது குறித்து வைத்தது. கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது எழுத உட்காருபவர் முதல் வரியிலேயே பதில் சொல்லியாக வேண்டிய கேள்வியை, அதாவது ‘உனக்கு என்ன நேர்ந்தது?’ என்பதை, நாட்டின் உச்ச நீதிமன்றம் நாலரை ஆண்டு கழித்துக் கேட்க வேண்டியிருந்தது.

இது தமிழ்நாட்டுக்கே உரிய நோய் என்று எண்ண வேண்டியதில்லை. தினத்தந்தியின் அந்தச் செய்தி வந்த ஆறாம் நாள், 2005 செப்டம்பர் 30 அன்று, டென்மார்க்கின் ‘யுலண்ட்ஸ்-போஸ்டன்’ நாளிதழ் நபிகள் நாயகம் தொடர்பான 12 கேலிச்சித்திரங்களை வெளியிட்டது. உருவப்படத்தையே ஏற்காத ஒரு மரபுக்கும், மதத்தைக் கேலி செய்வதைத் தன் அடையாளமாகக் கருதும் ஒரு மரபுக்கும் இடையிலான மோதல் என்று இது எழுதப்படுவது வழக்கம். அதில் உண்மை உண்டு. ஆயினும் அக்டோபர் 17 அன்று, ரமலான் மாதத்தில், எகிப்தின் ‘அல் ஃபஜ்ர்’ இதழ் அந்தச் சித்திரங்களுள் சிலவற்றைக் கண்டனத்தோடு மறுபதிப்புச் செய்தபோது கெய்ரோவில் கலவரம் ஏதும் எழவில்லை. டென்மார்க்கின் இமாம்கள் சிலர் ஒரு கோப்பைத் தயாரித்து டிசம்பரில் மத்தியக் கிழக்கு நாடுகளுக்குக் கொண்டுசென்ற பிறகு, அரசுகளும் தத்தம் காரணங்களுக்காக அதைக் கையில் எடுத்த பிறகு, 2006 பிப்ரவரியில்தான் தூதரகங்கள் எரிந்தன. அந்தக் கோப்பில் நாளிதழ் வெளியிடாத, அவற்றைவிட மோசமான மூன்று படங்களும் சேர்ந்திருந்தன. பண்பாட்டு வேறுபாடு எரிபொருளாக இருந்தது என்று ஒப்புக்கொண்டாலும், நான்கு மாத இடைவெளிக்கு அதனால் விளக்கம் தர முடியாது.

எழுத்தாளர் பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ நாவல் 2010இல் வெளிவந்து நான்கு ஆண்டுகள் விற்பனையில் இருந்தது. கதை நடக்கும் ஊரான திருச்செங்கோட்டில் அப்போது யாரும் புண்படவில்லை. 2014 டிசம்பரில் நாவலின் குறிப்பிட்ட சில பக்கங்கள் மட்டும் நகலெடுக்கப்பட்டு ஊருக்குள் விநியோகிக்கப்பட்ட பிறகே நூல் எரிப்பும் கடையடைப்பும் நடந்தன. 2015 ஜனவரி 12 அன்று நாமக்கல்லில் அதிகாரிகள் நடத்திய அமைதிப் பேச்சில் அவர் நூலைத் திரும்பப் பெற ஒப்பவேண்டியதாயிற்று. 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அவரை மறுபடி எழுதச் சொன்னது. இந்த வழக்கில் ஊடகத்தின் வேலையை ஒரு ஜெராக்ஸ் இயந்திரமே செய்து முடித்தது என்பதைக் கவனிக்க வேண்டும். முன்பின் பக்கங்களை நீக்குவதே கோபத்தைப் பெருக்கும் முதல் தொழில்நுட்பம். அதற்கு இணையம் தேவைப்படவில்லை.

இணையம் சேர்த்தது வேகமும் கூலியும். தொலைக்காட்சி விவாதத்தில் திரையை ஆறாகவோ எட்டாகவோ பிரித்து, அதிகம் உரத்துப் பேசுபவரின் கட்டத்தைப் பெரிதாக்குவது தயாரிப்பாளரின் முடிவு. அதைக் கண்ணால் பார்க்கலாம். கைபேசியில் எந்தப் பதிவு மேலே வரும் என்ற முடிவு கண்ணுக்குத் தெரியாது. ஃபேஸ்புக் 2017 முதல், கோபமுகக் குறி உட்பட்ட எதிர்வினைக் குறிகளுக்கு ஒரு ‘லைக்’கைப்போல் ஐந்து மடங்கு மதிப்பளித்துப் பதிவுகளை வரிசைப்படுத்தியது, 2020இல் கோபமுகத்தின் மதிப்பைப் பூச்சியமாக்கியது. அந்நிறுவனத்திலிருந்து வெளியேறிய பிரான்சிஸ் ஹாகன் கொண்டுவந்த உள் ஆவணங்களால் 2021இல் இது வெளியே தெரிந்தது. அதே ஆண்டு வில்லியம் பிரேடி, மோலி கிராக்கெட் குழுவினர் 7,331 ட்விட்டர் பயனரின் 1 கோடியே 27 லட்சம் பதிவுகளை ஆராய்ந்து, அறச்சீற்றப் பதிவுக்கு அதிக லைக்கும் பகிர்வும் பெற்றவர் அடுத்தடுத்து அதிகமாகச் சீறுவதைக் காட்டினர். பரிசு கிடைக்கும் செயல் பழகிப்போகும் என்ற பழைய உளவியல் விதியே இது. 2023இல் வந்த தொடர் ஆய்வு இன்னொன்றையும் சேர்த்தது: ஒரு பதிவை எழுதியவர் உண்மையில் எவ்வளவு கோபமாக இருந்தாரோ, அதைவிட அதிகக் கோபத்தோடு இருப்பதாகப் படிப்பவர் எண்ணிக்கொள்கிறார். ஆகவே ஒரு சமூகமே கொதித்துக்கொண்டிருக்கிறது என்ற தோற்றத்தில் ஒரு பகுதி, படிப்பவர் தாமே சேர்த்துக்கொள்வது.

இதுவரை சொன்னவை கோபத்தின் மிகுதி பற்றியவை. கோபம் எங்கே எழவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்காமல் இந்த ஆய்வு முழுமையடையாது. அதற்கு விருத்தாசலத்தைத் தாண்டிப் போகத் தேவையில்லை. அருகிலுள்ள புதுக்கூரைப்பேட்டையில் தலித் சமூகத்தைச் சேர்ந்த முருகேசன் என்ற பொறியியல் பட்டதாரியும், வன்னியர் சமூகத்தைச் சேர்ந்த கண்ணகி என்ற பட்டதாரிப் பெண்ணும் 2003 மே மாதம் கடலூரில் பதிவுத் திருமணம் செய்துகொண்டனர். ஜூலை 8 அன்று பெண்ணின் உறவினர் இருவரையும் பிடித்து, ஊரார் பார்க்க, விஷம் ஊற்றிக் கொன்று, உடல்களை எரித்தனர். மானப் பண்பாடு என்று மேலே விளக்கப்பட்டதன் கடைசிப் படி இது. திருமணம் என்ற செயலால் யாரையும் ஏசவில்லை, எதையும் உடைக்கவில்லை. ஆனாலும் ஒரு குடும்பம் தன்னைப் புண்பட்டதாகக் கருதி, தன் மகளையே அதற்கு விலையாக எடுத்தது. பல நாள் கழித்தே வழக்குப் பதிவாயிற்று. அப்போதும் இரு தரப்பிலும் ஆட்களைக் குற்றவாளியாக்கி, அவரவர் பிள்ளையை அவரவரே கொன்றதுபோல் காவல்துறை கதையமைத்தது. வழக்கறிஞர் பொ. இரத்தினம் போன்றோரின் விடாப்பிடியான போராட்டத்தால் வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறைக்குப் போனது.

இரண்டே ஆண்டு இடைவெளியில் ஒரே மாநிலத்தில் நடந்தவை இவை. தமிழ்ப் பெண்ணின் மானம் ஒரு நடிகையின் பேட்டியால் போய்விட்டதாக 2005இல் தெருவுக்கு வந்த கூட்டம், ஒரு தமிழ்ப் பெண் ஊரார் கண்முன் விஷம் ஊற்றிக் கொல்லப்பட்டதற்காக 2003இல் வரவில்லை. ஊடகத்தின்மீது மட்டும் பழி போட்டுவிட முடியாத இடம் இது. பேட்டியைப் பரபரப்பாக்க ஒரு தொலைபேசி போதும். புதுக்கூரைப்பேட்டை உண்மையை எழுத அந்த ஊருக்குப் போய், பேச அஞ்சுபவர்களிடம் பேசி, காவல் நிலையக் கதையைச் சந்தேகித்து, ஆதிக்கச் சாதி வாசகரை இழக்கவும் துணிய வேண்டும். விருத்தாசலத்தில் வாழும் எழுத்தாளர் இமையம், சாதி மாறிக் காதலித்த மகளை என்ன செய்வது என்று ஊர்ப் பஞ்சாயத்தின் முன் நிற்கும் தகப்பனின் கதையை ‘பெத்தவன்’ என்ற நெடுங்கதையாக 2012இல் எழுதினார். செய்தித்தாள்கள் கடந்துபோனதை இலக்கியம் நின்று பார்த்தது. அறச்சீற்றமே தீது என்று சொல்ல வந்தவர்களுக்கும் இந்த வழக்கு மறுப்பாகும்: அன்று நியாயமான கோபம் இன்னும் பெரிதாக, இன்னும் விரைவாக எழுந்திருந்தால் புலனாய்வு அத்தனை தடுமாறியிருக்காது. குறை கோபத்தின் இருப்பில் இல்லை, அதன் விநியோகத்தில் இருக்கிறது. யாருடைய புண் செய்தியாகிறது, யாருடைய புண் செய்தியாவதில்லை என்பது சாதியும் விற்பனையும் சேர்ந்து எடுக்கும் முடிவு.

பரபரப்புச் செய்தி ஒன்று கைபேசிக்கு வரும்போது வாசகர் செய்யக்கூடிய சோதனை, பிராது எழுதுபவர் செய்வதைவிடக் கடினமானதன்று: பாதிக்கப்பட்டவர் பெயர் அதில் இருக்கிறதா, அவருக்கு நேர்ந்தது என்ன, மூலப் பேச்சோ முழுப் பக்கமோ பார்க்கக் கிடைக்கிறதா என்று கேட்டுப் பார்க்கலாம். முதல் இரண்டும் புதுக்கூரைப்பேட்டை வழக்கில் இருந்தன. 2005இன் 23 புகார்களில் ஒன்றில்கூட முதல் இரண்டும் இல்லை என்று நீதிமன்றமே கண்டது. கடலூர் சிறப்பு நீதிமன்றம் 2021 செப்டம்பர் 24 அன்று, அதாவது தினத்தந்தியின் அந்த 2005 செப்டம்பர்ச் செய்தி வெளியான நாளின் பதினாறாம் ஆண்டு நிறைவில், கண்ணகி–முருகேசன் கொலை வழக்கில் 13 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. ஒருவருக்கு விதித்த மரண தண்டனையை அடுத்த ஆண்டு உயர் நீதிமன்றம் ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. பொய்ச் சாட்சியம் புனைந்த காவல் அதிகாரிகள் இருவரும் தண்டிக்கப்பட்டவர்களுள் அடங்குவர். உச்ச நீதிமன்றம் தண்டனைகளை உறுதிசெய்தது 2025 ஏப்ரல் 28 அன்று. ஒரு நடிகையின் கருத்தால் எவரும் பாதிக்கப்படவில்லை என்று சொல்ல நீதித்துறைக்கு நாலரை ஆண்டு ஆயிற்று; கொல்லப்பட்ட இருவருக்கு இறுதித் தீர்ப்புச் சொல்ல ஏறத்தாழ இருபத்திரண்டு ஆண்டு ஆயிற்று.